தெரியாதுன்னு சொன்ன மூணு பேரு

கப்பலெல்லாம் காத்தை நம்பி ஓடின காலம் அது. கடலுக்கு நேரா முகத்தைத் திருப்பி வெச்ச மாதிரி ஒரு பட்டணம் இருந்துச்சு, பேரு பவளத்துறை. அதை ஆண்டவரு கோவேள்னு ஒரு ராஜா. பின்னாடி இருக்கறவங்க கொஞ்சம் முன்னாடி வந்துடுங்க, இந்தக் கதையில சின்னக் குரல்ல பேசற ஆளு ஒருத்தர் வர்றாரு!

கோவேள் ராஜா நல்லவருதான். ஆனா ஒரு விஷயத்துல அடிபட்டவரு. ஒரு தடவை துறைமுகத்துல பஞ்சுக் கிடங்கு பத்திக்கிச்சு. முதல்ல பார்த்தது ஒரு வெளிநாட்டு மாலுமி. ஓடி வந்து அவன் பாஷையில கத்தினான், கையை ஆட்டினான், குதிச்சான். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கூத்துக் கட்டுறான்னு நினைச்சு சுத்தி நின்னு கைதட்டினாங்க! புகை வந்தப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள பாதிக் கிடங்கு சாம்பல்.

ராஜா அன்னைக்கே ஒரு சட்டம் போட்டாரு. இந்த ஊர்ல தங்குற வெளிநாட்டுக்காரங்க நம்ம பேச்சு பேசணும். முப்பது நாள் பாடம். முடிஞ்சதும் சபையில வந்து மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும். நீ யாரு? என்ன வேலை பார்க்கிற? என்கிட்ட என்ன வேணும்? சொன்னா ஊர்ல இருக்கலாம். சொல்லலைன்னா அடுத்த கப்பல்ல ஏறணும்.

பாடம் சொல்லித்தர அரண்மனை வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. ஊர்ல அவருக்கு நெடுமூக்கு வாத்தியார்னு பேரு. அவரு முன்னாடி யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, அது வேற. அவரு தரையில மணலைப் பரப்புவாரு. முதல் நாள் அ. ரெண்டாம் நாள் ஆ. மூணாம் நாள் இ. யாரு வந்தாலும் இதேதான். பன்னெண்டு உயிரெழுத்து, பதினெட்டு மெய்யெழுத்து, ஆக முப்பது. நாளும் முப்பது. கணக்கு அவ்வளவு அழகா பொருந்திப் போச்சா, யாருக்கும் ஒரு கேள்வியும் வரலை.

சபையில என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

"நீ யாரு?"

"அ, ஆ, இ, ஈ."

"என்ன வேலை பார்க்கிற?"

"க், ங், ச்."

"ஏத்துங்க கப்பல்ல!"

முதல் வருஷம் அஞ்சு பேரு போனாங்க. ரெண்டாம் வருஷம் ஏழு பேரு போனாங்க. மூணாம் வருஷம் உம்சான்னு ஒரு ஆளு வந்து நின்னான். ஒல்லியா, கையெல்லாம் காய்ச்சுப் போன ஆளு. அவனும் அ, ஆன்னு ஆரம்பிச்சு ஒப்பிச்சான். ராஜா பெருமூச்சு விட்டுக் கையைக் காட்டினாரு. கூட்டிட்டுப் போக வந்த காவலன் தெரியாம அவன் கால் மேல மிதிச்சுட்டான்.

"ஐயையோ என் காலு! எடுடா மாடு!"

சுத்தமான பவளத்துறைப் பேச்சு! சபை கப்சிப். அந்த அமைதியில ஒரே ஒரு ஆளு பக்குன்னு சிரிச்சது. மூலையில உக்காந்து அரண்மனைக்கு ஓலை எழுதுற குமிழி. இருபத்திரண்டு வயசு இருக்கும். வாயை அடக்கவே தெரியாது அவளுக்கு.

"யாரது சிரிக்கிறது?"ன்னாரு ராஜா.

குமிழி எழுந்து நின்னா. "மன்னிக்கணும் மகாராஜா. இந்த அண்ணனுக்குப் பேச வருது. நாமதான் எழுத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

நெடுமூக்கு வாத்தியாருக்கு மூக்கு நுனி சிவந்துச்சு. "அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா இவளே சொல்லிக்கொடுக்கட்டுமே!"

ராஜா தாடையைத் தடவினாரு. "அதுவும் சரிதான். இன்னும் ரெண்டு பேரு பாக்கி இருக்காங்க. இவனையும் சேர்த்து மூணு பேரு. முப்பது நாள் தரேன் பொண்ணே. மூணு பேரும் பேசினா நாலு பேரும் இங்கே இருங்க. ஒருத்தர் பேசலைன்னாலும் நாலு பேரும் கப்பல்ல ஏறுங்க."

குமிழிக்குக் கப்பல்னாலே ஆகாது. பரிசல்ல ஏறினாலே வாந்தி எடுக்குற பொண்ணு அவ. கடல் தாண்டி எந்த ஊரு, எந்தச் சனம், யாரைத் தெரியும்?

சரி, மறுநாள் மூணு பேரும் வந்து உக்காந்தாங்க. ஒருத்தன் உம்சா, படகுத் தச்சன். இன்னொருத்தி செலூனா, மாலுமிங்களுக்கு மீன் குழம்பு வெச்சுக் கொடுக்கிறவ, இடுப்புல கையை வெச்சா வாசலே அடைஞ்சு போகும். மூணாவது தோபோ. தூண் மாதிரி உசரம், வாயைத் திறக்கிறதே இல்லை, வலை பின்னுற பொம்பளைங்களுக்கு நூல் திரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தவன்.

குமிழி நேராவே கேட்டா. "உங்களுக்கு எங்க பேச்சு எவ்வளவு தெரியும்?"

"தெரியாது"ன்னான் உம்சா.

"தெரியவே தெரியாது"ன்னா செலூனா.

தோபோ தலையை மட்டும் இல்லைன்னு ஆட்டினான்.

குமிழிக்குச் சிரிக்கிறதா அழறதான்னு புரியலை. கேள்வி புரிஞ்சுது, பதிலும் வந்துச்சு, ஆனா தெரியாதாம்! சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில மீன் விக்கிற அம்மாகிட்ட புலம்பினா. அந்தம்மா அரிவாள்மனையைக் கீழே வெச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"யாரு, செலூனாவுக்கா தெரியாது? அடிப் போடி! போன வாரம் என் ஏழு தலைமுறையையும் இழுத்து வெச்சுத் திட்டிட்டுப் போனா!"

"அப்புறம் ஏன்க்கா தெரியாதுங்கறாங்க?"

"நீ அரண்மனையில உக்காந்திருக்கே, உனக்கென்ன தெரியும்? கப்பல்ல இருந்து இறங்குறவன்கிட்ட துறைமுகக் காவல்காரன் முதல்ல என்ன கேப்பான்? பேச்சு தெரியுமாம்பான். தெரியும்னு சொன்னா தொலைஞ்சான்! அன்னையிலேருந்து வர்ற ஒவ்வொரு கப்பலுக்கும் இவன்தான் நடுவுல நின்னு அங்க சொன்னதை இங்க சொல்லணும், இங்க சொன்னதை அங்க சொல்லணும். கூலி கிடையாது. பேரம் முறிஞ்சா ரெண்டு பக்கமும் இவனைத்தான் மொத்துவாங்க. அதனால இறங்குறதுக்கு முன்னாடியே தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டுத்தான் இறங்குவாங்க."

குமிழி மறுநாள் மூணு பேருகிட்டயும் சத்தியம் பண்ணினா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எந்தக் கப்பலுக்கும் அனுப்ப மாட்டேன். மூணு பேரும் மரியாதையா கேட்டுட்டு மறுபடியும் அதே பதிலைக் கொடுத்தாங்க. சத்தியத்தை எல்லாம் நிறைய பார்த்தவங்க அவங்க.

அப்பதான் அவளுக்கு ஒண்ணு உறைச்சுது. கேட்டா வராது. வாயில இருந்து தானா விழற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்!

ஓலையை மடியில கட்டிக்கிட்டா. மூணு நாள் பாடமே கிடையாதுன்னுட்டா. வழியில நெடுமூக்கு வாத்தியார் பார்த்துட்டு, "என்னம்மா, ஊர் சுத்தவா சம்பளம்? இன்னும் அ கூட வரலை போலிருக்கே!"ன்னாரு. குமிழி நடையை எட்டிப் போட்டா. உள்ளுக்குள்ள நாள் போகுதே, நாள் போகுதேன்னு அடிச்சுக்கிச்சு.

முதல் நாள் செலூனாவோட மீன் சந்தைக்குப் போனா. அவளை முன்னாடி விட்டுட்டு உப்பு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. மீன்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா, அந்தம்மா வேணும்னே பழைய மீனை எடுத்து நீட்டினாங்க. அவ்வளவுதான்!

"இது மீனா? செவுளைப் பாரு, வெளுத்துக் கிடக்கு! முந்தாநேத்து செத்தது! இதுக்கு எட்டுக் காசா? மூணு! மூணுக்கு மேல ஒண்ணு கிடையாது! கண்ணு இருக்கா உனக்கு, இல்ல அதையும் வித்துட்டியா?"

குமிழி ஓலையில வேகவேகமா கிறுக்கினா. எண்ணு எல்லாம் தெரியுது. மீன் பேரு அத்தனையும் தெரியுது. திட்டு வண்டி வண்டியா தெரியுது. தன்னைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வரலை.

ரெண்டாம் நாள் உம்சாவோட கடற்கரை. படகைக் கரையேத்துற இடத்துல நிக்க வெச்சா. கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கை சும்மா இருக்கலை. "இழு! விடாதே! கல்லை வை! காலை எடு! தள்ளு, தள்ளு!"ன்னு எல்லாருக்கும் மேல கத்தினான். வேலை முடிஞ்சு வேர்த்துப் போய் வந்து குமிழி கையில இருந்த கஞ்சிச் சட்டியைப் பார்த்தான். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "குடி"ன்னான்.

குமிழிக்கு முதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சப்போ சட்டியை அப்படியே அவன் கையில கொடுத்தா. இத்தனை வருஷத்துல இந்த ஊரு அவனை ஏவியிருக்கு, அவ்வளவுதான். இழு, தூக்கு, குடி, போ. அவன் காதுல விழுந்ததுதானே வாயில இருக்கும்? அவன்கிட்ட ஊர்ல இருக்கிற அத்தனை வேலையும் இருந்துச்சு, 'நான்'ங்கிற ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

மூணாம் நாள் தோபோ. வலை பின்னுற இடத்துல விட்டா, சும்மா நூல் திரிச்சான். கிணத்தடியில விட்டா, தண்ணி இறைச்சுக் கொடுத்தான். கல்யாண வீட்டுல விட்டா, இலையை எடுத்தான். ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் குமிழி அலுத்துப் போய், 'தோபோவுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஓலையில எழுதினா.

அங்கேதான் தப்பு பண்ணினா! ஆனா அது அவளுக்கு அப்போ தெரியலை.

பாடம் ஆரம்பிச்சுது. செலூனாவுக்குச் சந்தையில இருந்தே ஆரம்பிச்சா. "அக்கா, மீனைப் பத்திச் சொன்ன மாதிரி உங்களைப் பத்திச் சொல்லுங்க. எங்கே பிடிச்சது, எப்போ பிடிச்சது, என்ன விலை?" செலூனா முறைச்சா, அப்புறம் சிரிச்சா, அப்புறம் நிறுத்தாம பேச ஆரம்பிச்சுட்டா. உம்சாவுக்கு அவன் தெரிஞ்ச வேலைக்கெல்லாம் முன்னாடி ஒரு 'நான்' சேர்த்துக் கொடுத்தா. "நான் இழுக்கிறேன். நான் தள்ளுறேன். நான் குடிக்கிறேன்." முதல் தடவை சொன்னப்போ அவன் திரும்பிப் பின்னாடி பார்த்தான், வேற யாரோ சொன்ன மாதிரி. பத்தே நாள்ல ரெண்டு பேரும் பேச்சுல எங்கேயோ போயிட்டாங்க.

தோபோவுக்கு மட்டும் ஒரு கல்லை எடுத்துக் காட்டி, "இது கல்லு"ன்னா. மறுநாள், "இது மரம்." அதுக்கு மறுநாள், "இது தண்ணி." தோபோ பொறுமையா பார்த்துச் சிரிச்சான். திருப்பிச் சொல்லலை. இப்படியே முப்பதுல இருபது நாள் ஓடிப் போச்சு. துறைமுகத்துல கப்பல் வந்து நின்னுடுச்சு. குமிழிக்குத் தூரத்துல இருந்து பாய்மரத்தைப் பார்த்தாலே குமட்டுச்சு.

அன்னைக்கு நெடுமூக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தாரு. "மூட்டை கட்டியாச்சா? வேணும்னா என் மணலைத் தரேன், கப்பல்ல உக்காந்து சொல்லிக்கொடு"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

குமிழி அவரு போற திசையைப் பார்த்து மெதுவா முணுமுணுத்தா. "மூக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆளு போய்ச் சேர இன்னும் அரை நாழி ஆகும்."

செலூனா புரியாம முழிச்சா. உம்சா "நான் மூக்கு?"ன்னான். ஆனா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த தோபோவோட தோள்பட்டை குலுங்குச்சு! அடக்கப் பார்க்கிறான், முடியலை, மூக்கு வழியா ஒரு சத்தம் வந்துடுச்சு.

குமிழி அசையாம நின்னா. அப்புறம் ரொம்பச் சாதாரணமா, இன்னும் மெதுவா சொன்னா. "தோபோ அண்ணே, உங்க பின்னாடி தேளு."

ஆளு ஒரு ஆள் உசரத்துக்கு எகிறினான் பாருங்க!

தேளும் இல்லை, ஒண்ணும் இல்லை. தோபோ மாட்டிக்கிட்டவன் மாதிரி தலையைக் குனிஞ்சான். குமிழி அவன் முன்னாடி தரையில உக்காந்துட்டா.

"எல்லாமே புரியுமா?"

ஆமான்னு தலையாட்டினான்.

"நான் கல்லு, மரம்னு சொன்னதெல்லாம்?"

பாவமா ஒரு சிரிப்பு.

"பேசினா சிரிப்பாங்கன்னு பயமா?"

தோபோ தலையாட்டினான். இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கான். தெருவே சிரிச்சு, ஒரு மாசம் அவனை மாதிரியே பேசிக் காட்டியிருக்காங்க. குமிழி ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க, தலையாட்டலிலேயே முழுசும் வெளிய வந்துச்சு.

"மன்னிச்சுடுங்கண்ணே"ன்னா குமிழி. கண்ணு கலங்கிடுச்சு. "வாத்தியார் மணல்ல பண்ணினதை நான் கல்லை வெச்சுப் பண்ணியிருக்கேன்."

மீதி பத்து நாள். இனிமே வார்த்தை சொல்லிக் கொடுத்து என்ன ஆகப் போகுது? அவனுக்கு வேண்டியது வார்த்தை இல்லையே! குமிழி பாடத்தைத் தலைகீழா திருப்பினா. அவன் பாஷையில கடலுக்கு என்ன பேருன்னு கேட்டா. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். குமிழி அதைத் திருப்பிச் சொன்னா, கண்றாவியா! உம்சா காதைப் பொத்திக்கிட்டான். தோபோவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அவளும் வெக்கப்படாம சிரிச்சா, திரும்பவும் தப்பாவே சொன்னா. தினமும் இதே கூத்து. இருபத்தெட்டாம் நாள் தோபோ பொறுக்க முடியாம வாயைத் திறந்தான்.

"தப்பு"ன்னான். "இன்னொரு தடவை சொல்லு."

நம்ம பேச்சுல! செலூனா கரண்டியைக் கீழே போட்டுட்டா. ஆனா அவ்வளவுதான். அதுக்கப்புறம் திரும்பவும் வாய் பூட்டு. முப்பதாம் நாள் விடிஞ்சுடுச்சு.

சபை கூடுச்சு. முதல்ல செலூனா.

"யாரும்மா நீ?"

"செலூனா. மீன் குழம்பு வைக்கிறவ. சந்தைக்கு எதிர்ல அடுப்பு போடப் பத்தடி இடம் வேணும் மகாராஜா."

ராஜாவுக்கு உற்சாகம் வந்துடுச்சு. "எட்டடி தரேன்."

"எட்டா? அடுப்பே நாலடி! பன்னெண்டு குடுங்க."

"இப்பதானே பத்துன்னே?"

"அது நீங்க குறைக்கிறதுக்கு முன்னாடி!"

சபையே சிரிச்சுது. பத்தடிக்கு முடிஞ்சுது.

அடுத்து உம்சா. நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டான். "நான் உம்சா. நான் படகு செய்றேன். எனக்கு ஏழு நாளைக்கு ஒரு நாள் வேணும். இழு, தள்ளுன்னு யாரும் சொல்லாத நாள்." ராஜா அவன் கையைப் பார்த்துட்டு, "எடுத்துக்கோ"ன்னாரு.

அடுத்து தோபோ.

"நீ யாரு?"

தோபோ வாயைத் திறந்தான். சுத்தி இருந்த அத்தனை முகத்தையும் பார்த்தான். மூடிக்கிட்டான்.

"நீ யாரப்பா?"

ஒண்ணும் இல்லை. மூணாந்தடவையும் கேட்டாரு. ஒண்ணும் இல்லை. நெடுமூக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினாரு. "இவனுக்கு ஒண்ணும் தெரியாது மகாராஜா. கப்பல் காத்துக்கிட்டு இருக்கு."

குமிழி கையெடுத்துக் கும்பிட்டா. "மகாராஜா, அவர் வாயைப் பார்க்காதீங்க. காதைப் பாருங்க. என்ன புரியுதுன்னு நீங்களே பார்த்துக்கங்க. ஒரு தடவை!"

சபை முழுக்க அமைதி. அந்த அமைதியில எங்கேயோ ஒரு வயிறு கர்ர்ருன்னு சத்தம் போட்டுச்சு. ராஜாவுக்கு உதட்டோரத்துல சிரிப்பு வந்துச்சு.

"சரி. தோபோ, அந்தத் தட்டுல வாழைப்பழம் இருக்கு. மேல இருக்கிறது காயி, அதை விட்டுடு. அடியில இருந்து நல்ல பழமா ஒண்ணு எடு. இந்தச் சபைக்கு யாரோ வெறும் வயித்தோட வந்திருக்காங்க. அவங்க கையில கொடு."

தோபோ நடந்தான். மேல இருந்த காயைத் தள்ளினான். அடியில கையை விட்டு நல்ல பழமா ஒண்ணு எடுத்தான். மந்திரியைத் தாண்டினான், வாத்தியாரைத் தாண்டினான், நேரா வந்து குமிழி கையில வெச்சான்.

"அட!"ன்னு முன்னாடி சாஞ்சாரு ராஜா. "இவதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தோபோ தன்னைப் பத்திக் கேட்டப்போ வாயை மூடிக்கிட்டவன். இது அவனைப் பத்தின கேள்வி இல்லையே! யோசிக்கிறதுக்கு முன்னாடி வாயில வந்துடுச்சு.

"அவங்க காலையில சொன்னாங்க. தனக்குத்தானே சொன்னாங்க. நான் பின்னாடி நின்னேன். பயமா இருக்கு, சோறு இறங்கலை, மூணு நாளா இறங்கலைன்னு."

உச்சரிப்பு கரடுமுரடாத்தான் இருந்துச்சு. ஒருத்தர் சிரிக்கலை. தோபோ சுத்திமுத்திப் பார்த்தான். உண்மையிலேயே ஒருத்தர்கூடச் சிரிக்கலை.

ராஜா மெதுவா கேட்டாரு. "அப்போ நீ யாரு?"

"தோபோ."

"என்ன வேலை?"

"நூல் திரிக்கிறேன். எல்லாரும் பேசறதைக் கேக்குறேன்."

"என்கிட்ட என்ன வேணும்?"

தோபோ குமிழி கையில இருந்த ஒத்தைப் பழத்தைப் பார்த்தான்.

"பழம் பத்தாது மகாராஜா. அவங்களுக்கு முதல்ல சோறு போடுங்க."

அப்புறம் என்ன! சிரிப்பு அலை மாதிரி வந்துச்சு, ஆனா இந்தச் சிரிப்பு வேற, தோபோவும் அதுல சேர்ந்துக்கிட்டான். அங்கேயே இலை போட்டாங்க. குமிழி அழுதுக்கிட்டே சாப்பிட்டா, சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சா, மூணாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினா. வெளிய கப்பல் அவங்க நாலு பேரு இல்லாமலே பாயை விரிச்சுக்கிட்டுப் போச்சு. கடலை அவ்வளவு சந்தோஷமா அவ அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

துறைமுகத்துல கூலி தராம யாரையும் நடுவுல நிறுத்திப் பேச வைக்கக் கூடாதுன்னு ராஜா அன்னைக்கே உத்தரவு போட்டாரு. நெடுமூக்கு வாத்தியார் ரெண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கலை. மூணாம் நாள் குமிழி வீட்டு வாசல்ல வந்து நின்னு, "அந்த உப்பு மூட்டைக்குப் பின்னாடி ரெண்டு பேரு ஒளிய இடம் இருக்குமா?"ன்னு கேட்டாரு.

அதனால, கேட்டவங்க எல்லாரும் கேட்டுக்கங்க: கத்துக்க வர்றவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கணும்.